சுவிஸ் காளான் பரிசோதனை நிலையம்: கூடையோடு போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

சுவிஸில் இத்தனை வருடம் இருந்தும் நம்மவர்கள் பலருக்கு இப்படி ஒரு சேவை இருப்பதே தெரியாது. டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பில்ட்ஸ்கொன்ட்றோலே என்பார்கள். காட்டில் பறித்த காளானைக் கொண்டுபோய் மேசையில் கொட்டினால், தேர்வு எழுதித் தகுதி பெற்ற ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, சாப்பிடக்கூடியதைத் திருப்பித் தருவார். மற்றதைத் தரமாட்டார். பெரும்பாலான ஊர்களில் அந்த ஊரில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பிராங் செலவில்லாமல் ஈரலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றித் தரும் சேவை இது. நேர அட்டவணைதான் எரிச்சலூட்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

பரிசோதகர்களைப் பயிற்றுவித்துத் தேர்வு வைப்பது வாப்கோ என்ற அமைப்பு. 1925இல் தொடங்கியது. அதன் இணையதளத்தில் உங்கள் தபால் இலக்கத்தைப் போட்டால் பக்கத்தில் உள்ள நிலையங்களும் திறக்கும் நேரமும் வரும். நிலையத்தை நடத்துவது பெரும்பாலும் கெமைண்டே, அதாவது உங்கள் ஊராட்சி. சில ஊர்களில் சபைக் கட்டடத்தில் ஒரு அறை, சில ஊர்களில் தீயணைப்பு நிலையத்தின் ஓரம், சில இடங்களில் பரிசோதகரின் வீட்டுக் கராஜ். இடத்தைப் பார்த்துத் தரத்தை எடைபோட வேண்டாம். தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான்.

காட்டுக்குப் போகுமுன் உங்கள் மாநிலத்து விதியைப் பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிராவுபுண்டனில் மாதத்தின் முதல் பத்து நாட்கள் பறிக்கக் கூடாது, மற்ற நாட்களில் ஆளுக்கு 2 கிலோ. சூரிச்சில் ஆளுக்கு நாளொன்றுக்கு 1 கிலோதான். வேறு மாநிலங்களில் வேறு அளவு. இயற்கைக் காப்பகங்களில் ஒன்றையும் தொடக் கூடாது. குடும்பத்தோடு போனால் ஆள் கணக்குக்குப் பெருக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், குழந்தை வண்டியில் தூங்கும் பிள்ளையையும் ஓர் ஆளாக எண்ணிக் காட்டுக் காவலரிடம் வாதாடத் தேவையில்லை.

பரிசோதனையின் தரம் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது. இதைத்தான் அதிகம் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். கத்தியால் தண்டை நடுவில் வெட்டி, மேல்பாதியை மட்டும் கொண்டுபோனால் பரிசோதகருக்கு வேலையே இல்லை. கொடிய காளானைக் காட்டிக்கொடுக்கும் உறுப்பு மண்ணுக்குள் புதைந்திருக்கும் அடித்தண்டுதான். அங்கே ஒரு கிண்ணம் போன்ற உறை இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா, வேர் போல நீள்கிறதா என்று தெரியாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே தெரியாத காளானை வெட்ட வேண்டாம். விரலை மண்ணுக்குள் விட்டு, மெல்லத் திருகி, முழுதாக எடுங்கள். எடுத்த குழியைச் சருகால் மூடிவிடுங்கள்.

வெட்டினால்தான் அடுத்த வருடம் முளைக்கும், பிடுங்கினால் அழிந்துவிடும் என்று ஒரு பேச்சு காட்டில் எங்கும் கேட்கும். சுவிஸ் கூட்டாட்சிக் காட்டு ஆய்வு நிறுவனம் ஃபிரிபூர்க் மாநிலத்தில் ஒரு காளான் காப்பகத்தில் 1975 முதல் 2003 வரை இதைத்தான் அளந்து பார்த்தது. முடிவுகள் 2006இல் வெளிவந்தன. வெட்டினாலும் பிடுங்கினாலும் அடுத்து வரும் விளைச்சலில் வித்தியாசம் இல்லை. குறைத்தது மனிதரின் மிதிதான்: மிதிபட்ட நிலத்தில் அந்தப் பருவத்துக் காளான் எண்ணிக்கை விழுந்தது. எனவே பாதையைவிட்டு இறங்கும்போது ஒரே வழியில் போய் அதே வழியில் திரும்புவது, கத்தியைப் பற்றிய சண்டையைவிடப் பயனுள்ளது.

பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. மிக்ரோ கடைப் பையில் போட்ட காளான் இரண்டு மணி நேரத்தில் வியர்த்து, நசிந்து, கெடத் தொடங்கிவிடும். பிரம்புக் கூடை நல்லது. இல்லாவிட்டால் அட்டைப் பெட்டியோ துணிப் பையோ போதும். தெரிந்த இனங்கள் ஒரு பக்கம், தெரியாதவை தனித்தனிக் காகித உறையில். இந்தப் பிரிப்பு ஒழுங்குக்காகச் சொல்வதல்ல. கொடிய காளானின் துண்டு ஒன்று கூடைக்குள் உடைந்து கலந்திருந்தால், பரிசோதகர் கூடை முழுவதையும் எடுத்துவிடுவார். தொட்டால் விஷம் ஏறாது. ஆனால் நகக்கண் அளவு துண்டுகள் நல்ல காளானின் செவுள்களுக்குள், அதாவது குடையின் அடியிலுள்ள மெல்லிய மடிப்புகளுக்குள், சிக்கியிருப்பதை ஒருவராலும் முழுதாகப் பொறுக்கி எடுக்க முடியாது. மூன்று மணி நேரம் அலைந்து பறித்தது கண் முன்னால் குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பரிசோதகரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் சரி அவர் பக்கம்தான்.

மண்ணையும் சருகையும் காட்டிலேயே தட்டிவிடுங்கள். தூரிகை பொருத்திய காளான் கத்திகள் கடையில் கிடைக்கும். பிரெஞ்சு ஒப்பினெல் எண் 8 காளான் கத்தி நன்றாக இருக்கிறது: வளைந்த துருப்பிடிக்காத அலகு, பூட்டு வளையம், பின்னால் தூரிகை. சைவச் சமையலுக்கு எடுப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்தத் தூரிகை காட்டுப்பன்றி மயிர். பழைய பல்தூரிகை ஒன்றும் இதே வேலையைச் செய்யும். தெரியாத காளானின் அடியை மட்டும் சுத்தம் செய்ய வேண்டாம். மண்ணோடு இருந்தாலும் அப்படியே காட்டுங்கள்.

மேசையில் நடப்பதைக் கவனித்தால் நிறையக் கற்கலாம். நல்ல பரிசோதகர் முதலில் கண்ணால் இனம் பிரிப்பார். பிறகு முகர்வார். மாவு வாசம், முள்ளங்கி வாசம், பாதாம் வாசம், மை வாசம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பஞ்சு போன்ற அடிப்பக்கம் கொண்டவற்றை வெட்டி நீலமாகிறதா என்று பார்ப்பார், சிலவற்றைக் கீறிப் பால் வடிகிறதா என்று பார்ப்பார். ரூசுலா என்ற காளான் வகையில் ஒரு சிட்டிகை கடித்துத் துப்பிக் காரம் பார்ப்பதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாக் காளானையும் கடித்துத் துப்பலாம் என்று கிளம்ப வேண்டாம். அது ரூசுலா என்று உறுதியாகத் தெரிந்த பிறகு செய்யும் சோதனை. கடைசியில் எடை பார்த்து, இனத்தின் பெயர் எழுதி, ஒரு சீட்டுத் தருவார். கொன்ட்றோல்ஷைன் என்பார்கள். அந்தச் சீட்டு வீட்டுச் சமையலுக்கானது. அதைக் காட்டிக் கடையில் விற்கவோ உணவகத்தில் பரிமாறவோ முடியாது. கோயில் அன்னதானத்துக்கும் அதே கவனம் வேண்டும்.

எஸ்பார் என்றால் சாப்பிடலாம். கிஃப்டிக் என்றால் விஷம். உங்கனீஸ்பார் என்றால் விஷமில்லை, ஆனால் சாப்பிட உதவாது. இந்த மூன்று சொல்லும் போதும். உள்ளூர் டொச்சில் வேகமாகப் பேசினாலும், கடைசியில் எந்தக் குவியலில் போடுகிறார் என்பதைப் பார்த்தாலே புரியும். திருப்பித் தருவதை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்பதை மட்டும் தவறாமல் கேட்டு, சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த நிலையத்தால் நம் ஆட்களுக்கு மற்றவர்களைவிட அதிகப் பயன் என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊரில் காளான் தெரிந்தவர்களே இங்கே அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். ஊரில் நாம் அறிந்தவை புற்றுக் காளானும் வைக்கோல் காளானும். புற்றுக் காளான் கறையான் வளர்க்கும் காளான். கறையான் புற்றே இல்லாத சுவிஸ் காட்டில் அது முளைக்க வழியில்லை. வைக்கோல் காளான் வெப்பநாட்டுக்குரியது. ஆனால் அதன் மொட்டைப் போலவே, முட்டை வடிவில், அடியில் கிண்ணத்தோடு, ஓக் மரத்தடியிலும் பீச் மரத்தடியிலும் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை ஒன்று முளைக்கும். அதுதான் அமனிட்டா ஃபல்லாய்டிஸ், ஆங்கிலத்தில் டெத் கேப், டொச்சில் பச்சை க்னொலன்பிளேட்டர்பில்ட்ஸ். உலகில் காளான் தின்று இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது இந்த ஓர் இனம். கான்பெராவில் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் இதைச் சமைத்துச் சாப்பிட்ட இருவர் 2012 ஜனவரியில் இறந்தார்கள். ஆசியச் சமையலின் வைக்கோல் காளான் என்று எண்ணியே அதைப் பறித்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது.

இரண்டுக்கும் பொதுவானவை பல: அடிக்கிண்ணம் இரண்டிலும் உண்டு, செவுள்கள் இரண்டிலும் தண்டைத் தொடாமல் நிற்கும், மொட்டு இரண்டிலும் முட்டை வடிவம். வேறுபாடு எங்கே? டெத் கேப்பின் செவுள் கடைசிவரை வெள்ளை, வைக்கோல் காளானுடையது முற்ற முற்ற இளஞ்சிவப்பாகும். டெத் கேப்பின் தண்டில் பாவாடை போல ஒரு வளையம் தொங்கும், வைக்கோல் காளானில் அது இல்லை. குடையிலிருந்து உதிரும் வித்துத்தூள் டெத் கேப்பில் வெள்ளை, மற்றதில் இளஞ்சிவப்பு. ஆனால் மழை வளையத்தைக் கரைத்துவிடும். இளம் மொட்டில் செவுளின் நிறம் தெரியாது. குடையின் நிறமோ ஒலிவ் பச்சையிலிருந்து மஞ்சள், வெளிறிய வெள்ளை வரை போகும். இந்த அடையாளங்களைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று யாருக்கும் சொல்லமாட்டோம். வெள்ளைச் செவுளும் அடியில் கிண்ணமும் ஒன்றாக இருந்தால் கூடைக்குள்ளேயே போடாதீர்கள். தனியே காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இதன் நஞ்சு அமாடாக்சின். வேகவைத்தாலும் பொரித்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது. ருசி மோசமாக இருக்காது. நடுத்தர அளவில் ஒரே ஒரு காளான் வளர்ந்த மனிதரைக் கொல்லப் போதும். சாப்பிட்ட பின் 6 முதல் 24 மணி நேரம்வரை, பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம், ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் தண்ணீராய்ப் போகும் வயிற்றோட்டமும். ஒரு நாள் கழித்துச் சற்றுக் குணமானது போல இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு அது வெளியே தெரியவரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விடிகாலையில் வாந்தி வந்தால், "காளான் என்றால் உடனே வந்திருக்குமே, இது வேறு ஏதோ" என்று தேற்றிக்கொள்வதுதான் மிகக் கெட்ட முடிவு. தாமதமாக வரும் வாந்தியே அதிக ஆபத்தானது.

வீட்டில் பெரியவர்கள் சொல்லும் சோதனைகளுக்கு இங்கே இடமில்லை. வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், உள்ளியோ மஞ்சளோ நிறம் மாறினால் விஷம், நத்தையும் புழுவும் தின்றிருந்தால் நல்லது, கூட வேகும் அரிசி சிவக்காவிட்டால் பயமில்லை. இதில் ஒன்றுகூட உண்மையில்லை. டெத் கேப்பை நத்தை சுகமாகத் தின்னும், அதற்கு ஒன்றும் ஆகாது. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். அமாடாக்சின் வெள்ளியோடு எந்த நிறமும் காட்டாது.

டெத் கேப் ஒன்றைத்தான் பரிசோதகர் பிடிப்பார் என்று நினைக்க வேண்டாம். ஸ்டொக்ஷ்வெம்ஷென் என்ற நல்ல சூப்புக் காளானும், அதே அமாடாக்சின் கொண்ட கலெரினா மார்ஜினாட்டாவும் ஒரே பட்ட மரக்கட்டையில் அருகருகே முளைக்கும். ஒரு கொத்தை மொத்தமாக வழித்து எடுத்தால் இரண்டும் வந்துவிடும். ஆகவே கொத்தாக முளைக்கும் சிறு காளான்களை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். கோர்ட்டினேரியஸ் ஒரெல்லானஸ் என்ற செம்மஞ்சள் காளான் சிறுநீரகத்தை அழிக்கும். அறிகுறி இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்துக்கூட வரும் என்பதால், நோயாளியே காளானைச் சாப்பிட்டதை மறந்திருப்பார். போலந்தில் 1952இல் நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட பிறகுதான் இதன் கொடுமை வெளிவந்தது. பக்ஸிலஸ் இன்வோலூட்டஸ் என்ற பழுப்புக் காளானைக் கிழக்கு ஐரோப்பியர் பல தலைமுறையாகச் சாப்பிட்டார்கள். பலமுறை சாப்பிட்டபின் ஒருநாள் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். "எங்கள் வீட்டில் எப்போதும் சாப்பிடுகிறோம்" என்ற வாதத்துக்குப் பதில் இதுதான்.

விஷமில்லாத எதிரி ஒன்று இருக்கிறது: கல்லன்ரோர்லிங். பார்க்க ஸ்டைன்பில்ட்ஸ் (போர்சினி) என்ற நல்ல காளானைப் போலவே இருக்கும். இளஞ்சிவப்புத் துளைகளும் தண்டில் கறுத்த வலைப் பின்னலும் வைத்து அடையாளம் காண்பார்கள். வேப்பங்காய்க் கசப்பு. சட்டியில் ஒன்று விழுந்தாலும் எத்தனை தேங்காய்ப்பால் ஊற்றினாலும் மீளாது.

பரிசோதகர் ஒதுக்குவதில் கணிசமான பங்கு விஷக் காளான் அல்ல, வயதான நல்ல காளான். நசிந்தது, புழு அரித்தது, உறைபனியில் உறைந்து உருகியது, அமோனியா வாசம் வருவது எல்லாம் குப்பைக்கே. காளானில் நிறையப் புரதம் இருக்கிறது, கெட்டால் கெட்ட மீனைப் போலத்தான் வயிற்றைக் கலக்கும். காளான் தின்று வயிறு கலங்கியவர்களில் பலருக்குக் காரணம் இதுவே. ஸ்டைன்பில்ட்ஸின் குடை பெரிதாக இருந்தால் பெருமைப்பட வேண்டாம். விரலால் அமுக்கினால் பஞ்சாய்ப் போனால் காட்டிலேயே விடுங்கள். நடுத்தர அளவில் இறுக்கமாக இருப்பதே ருசி.

இந்தக் காலத்தில் கைத்தொலைபேசிச் செயலிகள் இருக்கும்போது நிலையத்துக்கு ஏன் அலைய வேண்டும் என்று கேட்பார்கள். செயலிக்குப் படம்தான் தெரியும். வாசம் தெரியாது, அடியில் என்ன இருக்கிறது தெரியாது, கூடையில் உள்ள நாற்பது காளானில் நீங்கள் படம் எடுக்காத முப்பத்தொன்பது தெரியாது. பெயர் கற்க, காட்டில் ஒரு யோசனை பெறச் செயலி நல்லது. சாப்பிடலாமா என்ற கேள்வியை அதனிடம் கேட்கக் கூடாது. பரிசோதகர்களும் படத்தைப் பார்த்து அனுமதி தருவதில்லை. வாட்ஸப்பில் அனுப்பிப் பதில் எதிர்பார்ப்பது வீண்.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது மதிப்பீடு ஆகாது. முதல் குறை நேரம். பருவத்தில்கூடப் பல நிலையங்கள் வாரத்தில் சில மாலைகளில் ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும். ஞாயிறு மாலை கூட்டம் அலைமோதும். கடைசி அரைமணியில் போனால் வரிசையில் நின்று, பரிசோதகர் களைத்துப்போன நேரத்தில் உங்கள் கூடை அவர் முன் வரும். முடிந்தால் திறக்கும் நேரத்துக்கே போங்கள். சனி பறித்து ஞாயிறு காட்டுவதானால், கழுவாமல், காகிதத்தில் பரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, பருவத்துக்கு வெளியே பல நிலையங்கள் மூடிவிடும். ஏப்ரல், மே மாதங்களில், மொர்ஷல் என்ற வசந்தகாலக் காளான் முளைக்கும் காலத்தில் தொலைபேசியில் நேரம் கேட்டுத்தான் போக முடியும். மொர்ஷலைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு. அதைப் போன்ற கிரோமிட்ரா வெந்தாலும் நஞ்சு. எனவே வசந்தத்தில் பரிசோதனை தேவையில்லை என்று நினைக்க இடமில்லை. சில ஊராட்சிகள் செலவைச் சொல்லி நிலையத்தை மூடிவிட்டு, பக்கத்து ஊரோடு சேர்ந்து நடத்துகின்றன. வேறு ஊர்க்காரரிடம் கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு. தபால் இலக்கம் போட்டுப் பார்க்கும்போதே அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டிப்பு பரிசோதகருக்குப் பரிசோதகர் மாறும். ஹாலிமாஷ் என்ற தேன்நிறக் காளானை ஒருவர் "கொதிக்கவைத்துத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்" என்று சொல்லித் திருப்பித் தருவார், இன்னொருவர் தரவே மாட்டார். இருவரும் சரிதான். சரியாக வேகாத ஹாலிமாஷ் பலரின் வயிற்றைக் கெடுத்திருக்கிறது. கண்டிப்பானவரிடம் போவதையே நாங்கள் விரும்புவோம். இன்னொரு விஷயம், இது பெயர் சொல்லும் வகுப்பு அல்ல. காட்டில் கண்டதையெல்லாம் வாரி வந்து "இதில் எது ஆகும்?" என்று கொட்டினால் முகம் சுளிப்பார்கள். தெரியாத இனத்தில் ஒன்றிரண்டு மாதிரி போதும், இளையது ஒன்று, விரிந்தது ஒன்று. அது நல்லதென்றால் அடுத்த முறை பறிக்கலாம்.

சீட்டு கையில் வந்த பிறகு சமையல். பச்சையாகச் சாலட்டில் போடக் கூடாது. குறைந்தது 15 முதல் 20 நிமிடம் வேக வேண்டும். நரி நாடாப்புழுவின் முட்டை பற்றிய பயத்துக்கும் இதுவே தீர்வு: 70 பாகை தாண்டினால் முட்டை செத்துவிடும், வீட்டு உறைபெட்டியின் கழித்தல் 18 பாகையில் சாகாது.

அயர்ஷ்வம் என்ற மஞ்சள் காளான் நம் குசினிக்கு மிகப் பொருத்தம். மிளகோடு மல்லுக்கட்டி நிற்கக்கூடிய இறுக்கமும் வாசமும் அதற்கு உண்டு. 300 கிராம் எடுத்து, பெரியதை நீளவாக்கில் கிழித்து, அகலமான தாச்சியில் எண்ணெய் இல்லாமல் நல்ல தீயில் போடுங்கள். காளான் தானே தண்ணீர் விடும், அது வற்றும்வரை கிளறுங்கள். பிறகு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, இரண்டு பல் உள்ளி, இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் மறுபடி தண்ணீர் விட்டு, வறுவலாகாமல் அவியலாகிவிடும். தாச்சியில் ஒரே நேரத்தில் அதிகம் போட்டாலும் இதே கதை. மொத்தம் இருபது நிமிடம்.

ஸ்டைன்பில்ட்ஸில் யாழ்ப்பாணத்துக் கறித்தூளைக் கொட்டுவது பாவம். தூள் ருசி மட்டும்தான் மிஞ்சும், அதற்குக் கடையில் விற்கும் வெள்ளைக் காளான் போதும். அதை 3 முதல் 5 மில்லிமீற்றர் வில்லைகளாக்கி, 40 முதல் 50 பாகையில் காயவையுங்கள். ஒரு கிலோ 100 கிராம் அளவுக்கு வற்றும். ஒடித்தால் சட்டென்று முறியும்வரை காய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, போத்தலில் பூஞ்சணம் பிடிக்கும். சமைக்கும்போது அரைமணி வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை மெல்லிய துணியில் வடித்து நெய்ச்சோற்றுக்கு ஊற்றினால் வாசம் வீட்டைத் தூக்கும். கறுப்பு எக்காளம் போன்ற டோட்டன்ட்ரொம்பேட்டேயைக் காயவைத்துப் பொடியாக்கி, பருப்பில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கொதிக்கவிடலாம். அயர்ஷ்வத்தைப் பச்சையாக உறையவைக்காதீர்கள், கசக்கும். வதக்கித் தண்ணீர் வற்றிய பிறகு உறையவையுங்கள்.

ஹாலிமாஷ் கிடைத்தால் இளம் குடைகளை மட்டும் எடுத்து, 10 நிமிடம் கொதிக்கவைத்து, நீரை ஊற்றிவிட்டு, பிறகு இருபது நிமிடம் கறியில் வேகவிடுங்கள். முதல்முறை ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். மை போல் கரையும் டின்ட்லிங் வகைகளில் ஒன்று மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். சாப்பிட்ட பின்னும் சில நாள் இந்த விளைவு நீடிக்கும்.

சீட்டு இருந்தாலும் தினமும் சாப்பிடும் பொருள் இல்லை. வளர்ந்தவர் வாரத்துக்கு 200 முதல் 250 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. காளான் மண்ணிலுள்ள கன உலோகங்களைச் சேர்த்துவைக்கும். 1986 செர்னோபில் விபத்தில் விழுந்த சீசியம் 137இன் பாதி ஆயுள் 30 ஆண்டு, அது இன்னும் காட்டு மண்ணில் இருக்கிறது. சுவிஸில் அதிகம் விழுந்தது திசினோ மாநிலத்தில். மரோனன்ரோர்லிங் போன்ற இனங்கள் அதை மற்றவற்றைவிட அதிகம் இழுக்கும். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காட்டுக் காளானைத் தவிர்த்துவிடுங்கள்.

காளானைத் துப்புரவாக்கிய தோல், தண்டுத் துண்டு, சமைத்ததில் ஒரு கரண்டி ஆகியவற்றை இரண்டு நாளுக்குக் குளிர்பெட்டியில் மூடிவையுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், எந்த நேரமானாலும் 145க்கு அழையுங்கள். டொக்ஸ் இன்ஃபோ சுவிஸ் என்ற நச்சுத் தகவல் மையத்தின் இலக்கம் அது, இரவிலும் எடுப்பார்கள். எப்போது சாப்பிட்டது, எத்தனை பேர், முதல் அறிகுறி எத்தனை மணிக்கு என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். பாலைக் குடிக்கக் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தோலையும் மிச்சத்தையும் கொன்ட்றோல்ஷைனையும் எடுத்துப் போங்கள். அதைப் பார்த்து இனத்தைச் சொல்லும் காளான் நிபுணரை மருத்துவமனை அழைக்கும். சாப்பிட்ட மற்றவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்களையும் கூடவே கூட்டிப்போங்கள்.